வானத்தில் உரசிய தீக்குச்சி

மின்னலுக்கு வாளையும் பாம்பையும் உவமை சொல்லிச் சொல்லி நமக்குக் காது புளித்துவிட்டது. அந்தோன் செகாவ் எடுத்துக்கொண்டது ஒரு தீக்குச்சியை. புயல் இன்னும் வந்து சேரவில்லை. இடப்பக்க வானத்தில் யாரோ குச்சியை உரசியதுபோல வெளிறிய கோடு ஒன்று தோன்றி அணைகிறது. பிறகு இடி. அதற்கும் முரசு, யானைப் பிளிறல் எதுவும் இல்லை. எங்கோ தொலைவில் தகரக் கூரைமேல் ஒருவர் நடக்கிறார், அவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல உவமை என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். செகாவ் நிறுத்தவில்லை. தகரம் மந்தமாகத்தான் உறுமியது, ஆகவே நடந்தவர் வெறுங்காலோடுதான் நடந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்.

அந்த ஊகத்தில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது. இடி இடிக்கிறது, அதைக் கேட்டவனோ கூரைமேல் நடப்பவர் செருப்புப் போட்டிருக்கிறாரா இல்லையா என்று யோசிக்கிறான். வளர்ந்தவர்கள் இப்படி யோசிக்க மாட்டார்கள். ராத்திரி படுக்கையில் கண் விழித்து, மேலே கேட்கும் சத்தம் பூனையா மனுஷனா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்ட பிள்ளைக்குத்தான் இது தோன்றும். அந்தப் பிள்ளையின் பெயர் யெகோருஷ்கா. வயது ஒன்பது. கம்பளி மூட்டைமேல் படுத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத புல்வெளியைக் கடந்துகொண்டிருக்கிறான்.

இவன் வரும் ‘ஸ்டெப்பி’ குறுநாவல் 1888 மார்ச் மாதம் ‘சேவர்னி வேஸ்த்னிக்’ இதழில் வெளிவந்தது. ‘ஒரு பயணத்தின் கதை’ என்பது உபதலைப்பு. செகாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவரை அவர் நகைச்சுவைப் பத்திரிகைகளில் ‘அந்தோஷா செகோன்தே’ என்ற கேலிப்பெயரில் எழுதிக் குவித்தவர். கனமான இலக்கிய மாத இதழ் ஒன்றில் அவர் எழுதியது இதுவே முதல் தடவை. 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச் அவருக்குக் கடிதம் எழுதி, திறமையை இப்படிச் சில்லறையாக இறைக்காதே என்று கண்டித்திருந்தார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் செகாவ் தாம் பிறந்த தகன்ரோக் பக்கம் போய், தோன் நதிப் புல்வெளிகளைச் சுற்றிவிட்டு வந்தார். சிறுவயதில் பார்த்த நிலம். திரும்பி வந்து 1888 ஜனவரியில் எழுத உட்கார்ந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் முடித்துவிட்டார்.

கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா இல்லாத பையனைத் தூரத்து நகரத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாமா குஸ்மிச்சோவ் கம்பளி வியாபாரி. கம்பளி விற்கப் போகிற வழியில் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறார். கூடவே கிறிஸ்தோஃபர் பாதிரியார். அவரும் இந்தக் கம்பளி வியாபாரத்தில் ஒரு கை. நடுவழியில், முன்னே போய்க்கொண்டிருந்த தங்கள் வண்டித்தொடரை எட்டிப் பிடித்ததும், பையனை ஒரு மூட்டைமேல் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் இருவரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கம்பளி எங்கே போகிறதோ அங்கே பையனும் போவான். பாதிரியார் அவனை விளையாட்டாக ‘லொமனோசவ்’ என்று கூப்பிடுவார். ரஷ்யாவின் முதல் பெரிய அறிஞரான லொமனோசவ், 1730இல் வடகோடியிலிருந்து மீன் ஏற்றிய வண்டித்தொடரோடுதான் மாஸ்கோவுக்குப் படிக்கக் கிளம்பினார். அவருக்கு மீன், இவனுக்குக் கம்பளி.

தொடக்கத்திலேயே நயத்துக்குக் குறைவில்லை. ஜூலை மாத விடியலில் ஊரைவிட்டுக் கிளம்பும் அந்த ஓட்டை பிரிச்கா வண்டியின் பின்னால் ஒரு வாளி கட்டித் தொங்குகிறது. வண்டி கிரீச்சிட்டால் வாளி அதற்கு ஒத்து ஊதுகிறது, அதுவும் சிடுசிடுப்பாக. பையனின் சிவப்புச் சட்டை காற்றில் உப்பி முதுகில் பலூன் மாதிரி நிற்கிறது. மயிலிறகு சொருகிய புதுத் தொப்பி ஓயாமல் பிடரிக்குச் சரிகிறது. அவன் அழுதுகொண்டிருக்கிறான் என்பதைவிட இந்தத் தொப்பி சரிவதுதான் நம்மை அதிகம் தொந்தரவு செய்கிறது. புதுத் தொப்பி அளவு பெரிதாக இருப்பது, இன்னும் இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று அம்மாக்கள் வாங்குவதால்தான். இது என் ஊகம், செகாவ் சொல்லவில்லை.

ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டம். உள்ளே செர்ரி மரங்கள். பூக்கும் காலத்தில் வெள்ளைச் சிலுவைகளும் வெள்ளைப் பூக்களும் ஒன்றாகக் கலந்து போய்விடும். பழுக்கும் காலத்தில் அதே சிலுவைகள்மேல் ரத்தத் துளி தெறித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். இது பையனுக்குப் பழகிய காட்சி. அப்பாவும் பாட்டியும் அங்கேதான் உறங்குகிறார்கள். பாட்டி போனபோது கண் மூட மறுத்ததால், இமைமேல் இரண்டு ஐந்து கோப்பெக் காசுகளை வைத்தார்கள். சாவதற்கு முன்னால் பாட்டி உயிரோடு இருந்தாள், சந்தையிலிருந்து கசகசா தூவிய வளைய ரொட்டி வாங்கி வருவாள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அந்த முதல் பாதியைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். சாவதற்கு முன் உயிரோடு இருந்தாள் என்பது என்ன செய்தி? ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது வயதுக்கு அதுதான் செய்தி. முன்னே ரொட்டி வந்தது, இப்போது வரவில்லை. மரணத்துக்கு அவன் கண்டுபிடித்திருக்கும் விளக்கம் அது ஒன்றே. எந்த மனநூலும் கற்பிக்காத இந்த இடத்தில் செகாவ் கையை ஒரு விநாடிகூட நீட்டிப் பையனைத் திருத்தவில்லை.

செகாவ் இந்த நூல் முழுக்கச் செய்யும் வித்தை இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பொருளைப் பையனுக்குத் தெரிந்த விதத்தில் முதலில் காட்டுகிறார். பொருளின் நிஜம் பிறகு வருகிறது. நிஜம் வந்த பிறகும் முதலில் பார்த்தது அழிவதில்லை.

நண்பகல் ஓய்வில் வரும் பாட்டைப் பாருங்கள். வெயில் கொளுத்துகிறது. பெரியவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். எங்கிருந்தோ ஒரு பெண்குரல். இழுவையான, ஒப்பாரி மாதிரியான பாட்டு. பாடுபவரைக் காணோம். பையன் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். கடைசியில் அவனுக்குத் தோன்றுகிறது: பாடுவது புல்தான். பாதி கருகிய புல், தன்மேல் குற்றம் ஒன்றுமில்லை, வெயில் வீணாகத் தன்னை எரித்துவிட்டது, இன்னும் வாழ ஆசையாக இருக்கிறது என்று முறையிடுகிறது. நம் அணிநூல்கள் இதைத் தற்குறிப்பேற்றம் என்று சொல்லி முடித்துக்கொள்ளும். ஆனால் கவி ஏற்றிய குறிப்பு அல்ல இது. குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் களைத்த ஒரு பிள்ளையின் தீர்மானம். கொஞ்ச தூரம் நடந்ததும் விஷயம் தெரிந்துவிடுகிறது. மேட்டின்மேல் கொக்குக்கால்களோடு ஒரு குடியானவப் பெண் நின்று எதையோ சலித்துக்கொண்டிருக்கிறாள். சல்லடையிலிருந்து வெள்ளைத் தூசி சோம்பலாக மேட்டுச் சரிவில் இறங்குகிறது. பாடியவள் அவள்தான்.

சல்லடையும் தூசியும் வந்த பிறகு புல்லின் முறையீடு பொய்த்துவிட வேண்டும் அல்லவா? இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்வு இன்னதென்று செகாவ் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் புல் முன்னமே சொல்லிவிட்டது. இளமை, கருகல், குற்றமின்மை எல்லாம் இப்போது அந்த மேட்டில் நிற்பவளிடம் போய்ச் சேர்கிறது. ஒரு ஆளைப் பற்றி எழுதாமலே எழுதிவிடுவது என்பது இதுதான்.

அதே ஓய்வில் இன்னொரு சந்திப்பு. பாறைமேல் ஒரு குட்டிப் பையன். வயிறு மட்டும் பானை, கால்கள் குச்சி. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தபடி நெடுநேரம் நிற்கிறார்கள். பெயர் என்ன என்று யெகோருஷ்கா கேட்டால், மற்றவன் முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பி, பெரிய ஆளின் கரகரத்த குரலில் ‘தீத்’ என்கிறான். பேச்சு முடிந்தது. வேறு கேட்கவோ சொல்லவோ இருவரிடமும் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு இனிப்பு ரொட்டி கைமாறுகிறது. பிள்ளைகளின் நட்பைச் சர்க்கரைப் பாகில் முக்கி எழுதுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை வாசித்துப் பார்க்கலாம்.

குன்றின்மேல் தனியாக நிற்கும் பாப்ளார் மரம் ஒன்று வருகிறது. யார் நட்டார்கள், எதற்கு, தெரியாது. அழகான மரம், அந்த அழகால் அதற்கு ஏதாவது சுகம் உண்டா என்று கேட்டுவிட்டு, கோடை வெயில், பனிப்புயல், இலையுதிர்கால இரவுகள் என அது தனியே தாங்க வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாமும் மறந்துவிடுகிறோம். அடுத்து, வழிச்சத்திரம் ஒன்றில் பையன் தூங்கி வழிகிறான். கறுப்பு உடையில் ஒரு பெண் அவன் முகத்தருகே குனிகிறாள். அவள் மூக்கும் கண்ணும் தெரிவதற்குள்ளே, ஏனென்று தெரியாமல், அந்த மரம் அவன் நினைவுக்கு வருகிறது. அவள் திரனீட்ஸ்காயா சீமாட்டி, பெரும் பணக்காரி. கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு வாழ்வில் என்ன குறை என்று கதை சொல்வதில்லை. மரம் நின்ற இடத்தை நினைத்துப் பார்த்தால் போதும். அது மட்டும் எப்படி ஒன்பது வயதுக்காரனுக்குத் தெரிந்தது? தெரியவில்லை; நினைவு வந்தது, அவ்வளவே. அந்த ‘ஏனென்று தெரியாமல்’ என்பதில் செகாவின் அடக்கம் முழுதும் இருக்கிறது.

சத்திரத்தை நடத்துபவர் மொய்சேய் மொய்சேயிச், யூதர். இந்த அத்தியாயத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. விருந்தினர் முன் கையைப் பிசைந்து பணியும் அவருடைய குழைவையும், அழுக்குப் போர்வைக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும் குழந்தைத் தலைகளையும் எழுதும்போது, அந்தக் காலத்து ரஷ்ய வாசகரின் இளக்காரச் சிரிப்புக்குச் செகாவும் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறார். ஆனால் அதே வீட்டில் அவர் சாலமோனை நிறுத்தியிருக்கிறார்: மொய்சேயின் தம்பி, தன் பங்குக்கு வந்த ஆறாயிரம் ரூபிளை அடுப்பில் போட்டு எரித்தவன், பணக்காரர்முன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நிற்பவன். மேசைமேல் மாமா கொட்டி எண்ணும் நோட்டுக் குவியலிலிருந்து அழுகிய ஆப்பிளும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை வருகிறது. அத்தனை பணத்தை வாழ்நாளில் பார்த்திராத பையன் அதைச் சட்டை செய்யாமல் பார்க்கிறான். அவன் மனதில் நிற்கப்போவது வீட்டுக்காரம்மா உள்ளறையில் கையில் திணித்த தேன் ரொட்டி.

வண்டிக்காரர்களில் எனக்குப் பிடித்தவன் வாஸ்யா. அவன் கண் கூர்மையானது. மற்றவர்களுக்கு வெறும் பழுப்பு வெளியாகத் தெரியும் இடத்தில், நரி விளையாடுவதையும் முயல் முன்னங்காலால் முகம் கழுவுவதையும் அவன் பார்ப்பான். மனிதரைக் கண்டால் ஓடி ஒளியும் மிருகங்களை, அவை தனியாக இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே பார்க்கும் கொடுப்பினை. எல்லோருக்குமான உலகம் போக அவனுக்கென்று தனியாக இன்னொரு உலகம் இருந்தது என்கிறார் செகாவ். அதே வாஸ்யா ஆற்றில் பிடித்த சிறுமீனை உயிரோடு வாயில் போட்டு மெல்கிறான், பையனுக்குக் குமட்டுகிறது. ஒரு பாம்பை, தீங்கு செய்யாத சாரை மாதிரி ஒன்றை, இன்னொரு வண்டிக்காரனான தீமோவ் அடித்துக் கொன்றபோது வாய்விட்டுப் புலம்பியதும் இதே ஆள்தான். மென்மையானவன் என்றோ முரடன் என்றோ அவனுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்ட முடியாது.

வாஸ்யாவின் முகம் எப்போதும் துணியால் கட்டியிருக்கும். தாடை வீங்கியிருக்கிறது. காரணம், அவன் முன்பு வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலை. வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்த காலம் அது. செகாவ் மருத்துவர், அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அந்த மின்னலுக்குப் போங்கள். தீக்குச்சி உரசியதுபோல் தோன்றிய அந்த வெளிறிய கோட்டுக்குச் செகாவ் போட்டிருக்கும் இன்னொரு அடைமொழி, பாஸ்பரஸ் ஒளி. அந்தக் கீற்றுக்குக் கீழே போகும் வண்டிகளில் ஒன்றில் தீக்குச்சி தின்ற தாடையோடு வாஸ்யா இருக்கிறான். செகாவ் இதை வேண்டுமென்றே முடிச்சுப் போட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முடிச்சு இருக்கிறது, அது போதும்.

அந்தப் புயலே அப்படித்தான், ஆட்களோடு பிணைந்து கிடக்கிறது. தீமோவ் இளம் முரடன். சும்மா இருக்க முடியாத கை. எல்லோரையும் சீண்டுவான். ஒரு காலத்தில் தேவாலயத்தில் பாடி, இப்போது குரல் போய்க் கையை மட்டும் அசைத்து ஊமைப்பாட்டுப் பாடும் எமெல்யானை அவன் சீண்டப்போக, பையன் பொறுக்க முடியாமல் அழுது கத்திவிடுகிறான். மேகம் கவியும் நேரத்தில் அதே தீமோவ் பையனிடம் வந்து, வேண்டுமானால் என்னை அடித்துக்கொள் என்கிறான். பதிலுக்குக் காத்திருக்காமல் குதித்து இறங்கி, மனசு சலித்துப்போச்சு என்று வண்டிகளின் ஓரமாகப் புலம்பிக்கொண்டே போகிறான். எழும்பி வரும் கருமேகத்தைச் செகாவ் எப்படி எழுதுகிறார் தெரியுமா? ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிறது, குடித்துவிட்டு வம்புக்கு அலைகிற முகம். நாம் சில அத்தியாயங்களாகப் பார்த்துப் பழகிய முகம்தான் அது.

மழை கொட்டுகிறது. பாய்க்கடியில் நனைந்து நடுங்கும் பையன், மின்னல் வெளிச்சத்தில் வண்டிக்குப் பின்னால் நீள ஈட்டிகளோடு மூன்று ராட்சதர்கள் நடந்து வருவதைப் பார்க்கிறான். அடுத்த மின்னலில் தெரிகிறது: கவைக்கோல் தோளில் சாய்த்த மூன்று குடியானவர்கள். புல்லின் பாட்டுக்குச் சல்லடைக்காரி வந்ததுபோலத்தான் இதுவும். பயம் மட்டும் உடம்பில் காய்ச்சலாகத் தங்கிவிடுகிறது.

எல்லா இடமும் இப்படிப் பிடிமானத்தோடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில பக்கங்களில் பையன் தூங்கிவிட, செகாவ் தாமே பேச ஆரம்பித்துவிடுகிறார். வானத்து நட்சத்திரங்கள், மனிதத் தனிமை, இத்தனை அழகையும் பாட ஒரு பாடகன் இல்லையே என்று புல்வெளி ஏங்குவது. வார்த்தைகள் அழகுதான், ஆனாலும் அங்கெல்லாம் குரல் ஒரு கட்டை கூடிவிடுகிறது. அந்த வெறுங்கால் நடை அங்கே இல்லை. இது அவருக்கும் உறுத்தியிருக்கிறது. கலைப்படைப்புக்குப் பதிலாகப் புல்வெளியின் கலைக்களஞ்சியத்தை எழுதித் தொலைக்கிறேனோ என்று கிரிகரோவிச்சுக்கு எழுதினார். ரஷ்ய இலக்கியத்தில் புல்வெளிக்கு ராஜா கோகல், அவர் எல்லைக்குள் நுழைந்ததற்கு மேலுலகத்தில் கோபித்துக்கொள்வார் என்றும் சொல்லிக்கொண்டார்.

வர்லாமோவ் வரும் இடம் மட்டும் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். நூலின் முதல் பாதி முழுக்க எல்லோரும் தேடும் ஆள். பல்லாயிரம் ஆடுகளுக்கு உடைமையாளர். இந்தப் பக்கம்தான் வட்டமிடுகிறார் என்பார்கள், பருந்தைச் சொல்வதுபோல. பையன் மனதில் மலையளவு வளர்ந்துவிட்ட அந்த மனிதர் ஒரு விடியலில் வந்தே விடுகிறார்: சோப்ளாங்கிக் குதிரைமேல், பெரிய பூட்ஸ் போட்ட, நரைத்த குள்ள மனிதர். ஆனால் கையில் சாட்டை இருக்கிறது, மற்றவர்கள் உறங்கும் வேளையில் அவர் விழித்திருக்கிறார். இங்கேயும் நிஜம் வந்து கற்பனையைத் துரத்தவில்லை. குள்ளமாக இருப்பதால் அதிகாரம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை என்பதைப் பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

கம்பளி நல்ல விலைக்குப் போகிறது. காய்ச்சலில் கிடந்த பையனைப் பாதிரியார் எண்ணெயும் வினிகரும் தேய்த்துக் கிளப்பிவிடுகிறார். அம்மாவின் பழைய சிநேகிதி வீட்டில் அவனை விட்டுவிட்டுப் பெரியவர்கள் கிளம்புகிறார்கள். செகாவ் பிற்பாடு இவன் கதையைத் தொடர்ந்து எழுத நினைத்ததுண்டு. பெருநகரத்துக்குப் போய்க் கெட்டு நொறுங்குவான் என்றுகூடக் கவிஞர் பிலெஷேயெவுக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார். எழுதாமல் போனது நல்லது.

விடைபெறும்போது மாமா ஒரு பத்துக் கோப்பெக் காசு கொடுக்கிறார். கிறிஸ்தோஃபர் பாதிரியாரும் ஆசீர்வதித்துவிட்டு, நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு, நான் செத்தால் நினைத்துக்கொள் என்று சேர்த்துச் சொல்லி, தம் பங்குக்கு ஒரு பத்துக் கோப்பெக் வைக்கிறார். கையை முத்தமிட்ட பையனுக்கு அழுகை வந்துவிடுகிறது. இந்தக் கிழவரை இனிப் பார்க்கப் போவதில்லை என்று உள்ளே ஏதோ சொல்கிறது. பாட்டியின் இமைகள்மேல் வைத்த இரண்டு ஐந்து கோப்பெக்குகளைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் பத்துதான். அவன் வாசலுக்கு ஓடி வருகிறான். அதற்குள் ஒருவர் கைத்தடியையும் இன்னொருவர் ஊன்றுகோலையும் வீசிக்கொண்டு தெருமுனையில் திரும்பிவிட்டார்கள்.